மெடல் மேடத்தின் நல்ல வார்த்தைகள்

செத்துப்போன சிப்பாய்களுக்குப் பதவி உயர்வு கொடுப்பதில் மெடல் மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது. படைப் பதிவேட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே அதே கட்டடத்தின் வாசகர் அறைக்கு, அதே டிபன் பாக்ஸோடு, பொதுஜனமாக வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய போருக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். தாத்தா என்னவாக இருந்தார், எங்கே சண்டை போட்டார், பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். மேடம் பதக்க அட்டையை எடுத்துவரச் சொல்வார். கையகல அட்டை. அதில் ஆளின் எண், பேர், படைப்பிரிவு, எந்தப் பதக்கம், எந்தக் கரையில் இறங்கினார் என்ற விவரம், ஓரமாக ஒரு குறிப்பு, அவ்வளவுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மேடம் நாலு பக்கம் எழுதுவார்.

அட்டையில் ‘சமையல்’ என்றிருந்தால் மேடத்தின் அறிக்கையில் அவர் ‘படையின் வலிமைக்கு அடித்தளமிட்டவர்’. கோவேறு கழுதை ஓட்டியவர் ‘மலைப்பாதைப் போக்குவரத்தின் முதுகெலும்பு’. துணி வெளுத்தவர் ‘படையின் கண்ணியத்தைக் காத்தவர்’. கப்பலை விட்டு இறங்குவதற்குள் வயிற்றுப்போக்கு கண்டு அதே கப்பலில் திரும்பி வந்த ஒருவர் ‘கண்ணுக்குத் தெரியாத எதிரியின் முற்றுகையைத் தாங்கியவர்’ ஆனார். அவருடைய பேரன் அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். ஒரு வரிகூடப் பொய் கிடையாது என்று மேடம் சத்தியம் செய்வார். அதுவும் உண்மைதான், பூசி மெழுகியிருப்பார், அவ்வளவே. எல்லாத் தாத்தாவும் சொல்கிறபடி சுட்டிருந்தால் எதிரிப் பக்கம் ஆளே மிச்சம் இருந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் பேரனிடம் அதைச் சொன்னால் அடுத்த பேரன் வரமாட்டான் என்பதும் தெரியும்.

“இன்னிக்கு யாரை ஜெனரல் ஆக்கின?” என்று வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் கேட்பார். மேடம் முதுகைப் பிடித்துக்கொண்டு படுப்பார். அட்டைப் பெட்டிகளைக் குனிந்து குனிந்து எடுத்த முதுகு அது.

அந்த வருஷம் ஊர்ப் பூங்காவில், போருக்குப் போனவர்களுக்கு ஒரு நினைவுச் சுவர் கட்ட ஒரு குழு கிளம்பியது. குழுவுக்குத் தலைவர் ஃபர்னிச்சர் ஷோரூம் முதலாளி. அவரிடம் வேலை இரண்டு இருந்தது. சுவரில் வெட்ட வேண்டிய பேர்களை அட்டைகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவது ஒன்று. திறப்பு விழாவில் வாசிக்க அவருடைய தாத்தாவின் வீர வரலாற்றை எழுதித் தருவது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியமானது என்பதைச் சொல்லாமலே புரியவைத்தார்.

“எங்க தாத்தா சாதாரண ஆளில்ல மேடம். போர் முடிஞ்சு வந்ததும் இந்த ஊருக்கே அவருதான் படைவீரர் நலப் பிரதிநிதி. கடுதாசி, பார்சல், எதுவா இருந்தாலும் அவரு கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் வீடு வீடாக் குடுக்கணும். உங்களுக்கு முதுகு வலின்னு கேள்விப்பட்டேன். அதோ, அந்தச் சாய்வு நாற்காலி, லெதர். விழா முடிஞ்ச மறுநாள் உங்க வீட்டு வாசல்ல இருக்கும்.”

மேடம் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க மனசு வரவில்லை.

முதலாளியின் மேஜைக்கு மேலே, சுவரில், ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு பதக்கங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று வெண்கலம். கப்பல் ஏறியவன் எவனுக்கும் கொடுத்த பொதுப் பதக்கம். இன்னொன்று வெள்ளி. அது வீரப் பதக்கம். தாத்தாவின் அட்டையில் ‘ஸ்டோர் கீப்பர், துறைமுகக் கிடங்கு’ என்றும் பொதுப் பதக்கம் ஒன்று என்றும் மட்டும்தான் இருந்தது. வெள்ளியைப் பற்றி மூச்சே இல்லை.

“பேப்பர்ல விட்டுப் போயிருக்கும் மேடம்” என்றார் முதலாளி.

மேடத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் நாற்காலியும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டார். ‘போர்முனைக்குப் போன ஒவ்வொரு கம்பளியும் இவர் கைபட்டே போனது’ என்ற வரி வந்ததும் அவருக்கே உச்சி குளிர்ந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு தையல்காரம்மா வாசகர் அறைக்கு வந்தாள். ஐம்பது வயசு இருக்கும். சேலை நுனியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தன் தாத்தாவின் பேரைச் சொல்லி, குழுவின் பட்டியலில் அந்தப் பேரைக் காணோம் என்றாள்.

“போருக்குப் போனவருதான் மேடம். திரும்பி வரல. ஓடிப்போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க. அதுலேருந்து எங்க வீட்டுக்கு ‘ஓட்டக்காரன் வீடு’ன்னே பேரு. எங்கப்பா ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல ஃபர்ஸ்ட் வந்தாரு. ரத்தத்துலயே இருக்குதுடான்னு வாத்தியாரே சொல்லிச் சிரிச்சாராம். அன்னிக்கு நிறுத்தினவருதான். எங்க வீட்ல யாரும் ஓடமாட்டோம் மேடம். பஸ்ஸு கிளம்பினாலும் நடந்துதான் போவோம். அது போயிரும்.”

“இப்ப என்னம்மா வேணும்?”

“அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. கல்லுல பேரு வருதான்னு தினம் கேக்கறாரு. நீங்க பாத்துச் சொன்னாப் போடுவாங்களாம்.”

மேடம் அட்டையை வரவழைத்தார். ஒரு சிப்பாய்க்கு ஒரு அட்டை, அதுதான் அவருடைய வேலை முறை. ஓரக் குறிப்பில் ‘ஓடிப்போனவர். பதக்கம் இல்லை’ என்று பழைய மையில் இருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரமும் ஆகியிருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் ‘ஓடிப்போனவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“வேற எங்கயும் எதுவும் இருக்காதா மேடம்?”

“அட்டையில இருக்கறதுதாம்மா. நான் என்ன பண்ண முடியும்?”

சமையல்காரரை அடித்தளமாக்கிய பேனாதான் அது. அன்றைக்கு அதிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. தையல்காரம்மா சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து, விழா மலருக்குப் படம் எடுக்க முதலாளி மேடத்தைக் கூப்பிட்டார். பழைய சட்டம் அவருடைய அந்தஸ்துக்குப் போதவில்லை, தேக்கில் புதுசு செய்யச் சொல்லியிருந்தார். தச்சர் பழைய சட்டத்தின் முதுகை நெம்பியதும், பசை காய்ந்து போயிருந்த வெள்ளிப் பதக்கம் பட்டென்று கழன்று கீழே விழுந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடியது. முதலாளி குனியப் பார்த்தார். வயிறு விடவில்லை. தச்சர் கையில் உளி. முதுகு வலிக்காரியான மேடம்தான் மண்டி போட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

எடுக்கும்போது கட்டைவிரலில் என்னவோ நெருடியது. விளிம்பில் எழுத்துகள். பதக்கத்தின் முகத்தை அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். விளிம்பை யாரும் பார்க்கவில்லை, பசைக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. பதக்கம் யாருக்குரியதோ அவர் பேரும் எண்ணும் படைப்பிரிவும் விளிம்பில்தான் வெட்டியிருக்கும் என்று மேடம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் காலமெல்லாம் பதக்கத்தைக் காகிதத்தில் பார்த்தவர். நிஜப் பதக்கத்தின் விளிம்பைத் தொட்டது அன்றுதான்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஸ்டோர் கீப்பரின் பேர் இல்லை. தையல்காரம்மாவின் தாத்தா பேர். எண் மட்டும் வேறு, ரெஜிமென்ட்டும் வேறு. மேடம் இன்னொரு முறை படித்தார்.

“கிடைச்சுதா மேடம்?” என்றார் முதலாளி மேலிருந்து.

“கிடைச்சுது” என்றார் மேடம். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, “விளிம்பையும் கிட்டத்துல ஒண்ணு எடுத்துக்கப்பா. பழைய வேலைப்பாடு” என்றார். பிறகு ஆட்டோ பிடித்து நேராகப் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனார்.

விளிம்பில் இருந்த எண்ணைச் சொல்லி அட்டை கேட்டார். வேறு பெட்டி, வேறு அலமாரி. ஆனால் அட்டை இருந்தது. ஒரு ரெஜிமென்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனவனுக்குப் புது எண் கொடுத்துப் புது அட்டை போடுவார்கள் என்பது அந்த அலுவலகத்துப் பியூனுக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு அட்டை. முதல் அட்டையோடு மூடிவைத்தால் ஆள் பாதியில் நின்றுவிடுவான். மேடத்துக்கும் தெரிந்ததுதான். பெரிய இடத்துத் தாத்தாவாக இருந்திருந்தால் இரண்டாவதையும் தேடியிருப்பார்.

அட்டையும் அதோடு சேர்ந்த பரிந்துரைக் குறிப்பும் சொன்னது இதுதான். தையல்காரம்மாவின் தாத்தா இருந்த சிப்பாய்க் கம்பெனி ஓர் ஆற்றங்கரையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்திருக்கிறது. படையே ஓடினால் அதற்குப் பேர் பின்வாங்குதல். பத்திரமான இடத்துக்கு வந்ததும் அதிகாரி ஆஜர் எடுத்திருக்கிறார். இந்த ஒரு ஆளைத்தான் காணோம். அவர் அங்கேயே, ஆற்றங்கரையிலேயே, வேறொரு ரெஜிமென்ட்டின் காயம்பட்ட ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொருவராகத் தோளில் போட்டுத் தண்ணீரைக் கடந்து கரைசேர்த்திருக்கிறார். ஆக, ஓடியவர்கள் எல்லாரும் கூடி நின்று ஆஜர் எடுத்து, ஓடாத ஒருவனை ஓடிப்போனவன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த ரெஜிமென்ட்தான் அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, வெள்ளிப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. பதக்கம் வருவதற்குள் ஆஸ்பத்திரியில் ஜன்னி கண்டு இறந்துபோனார். அட்டையின் பின்பக்கம் இரண்டு வரி இருந்தது. ‘முந்தைய எண்ணில் உள்ள குறிப்பு ரத்து.’ ‘பதக்கமும் இறப்புச் செய்தியும் மனைவியிடம் சேர்ப்பிக்க, ஊர் நலப் பிரதிநிதி பெற்றுக்கொண்டார்.’ கீழே ஸ்டோர் கீப்பரின் கையெழுத்து, நல்ல சுழி போட்டு, அழகாக. கிடங்கில் இருந்த பழக்கமோ என்னவோ, வந்த சாமானை அவர் வெளியே விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேட்டார், “இன்னிக்கு யாரை ஜெனரல் ஆக்கின?”

“யாரையும் இல்ல. முந்தாநாள் ஒருத்தரை ஓடுகாலி ஆக்கினேன். அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன்.”

அவர் முழுக்கதையையும் கேட்டார். பிறகு, “அப்ப நாற்காலி?” என்றார்.

“உங்களுக்கு அதுதான் கவலையா?”

“உன் முதுகு. எனக்கென்ன.”

மறுநாள் மேடம் ஷோரூமுக்குப் போய் இரண்டாவது அட்டையின் நகலை முதலாளி முன்னால் வைத்தார். அந்தப் பேரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், பதக்கத்தை அந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்றார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு முகம் சிவந்தது.

“எங்க தாத்தா திருடன்னு சொல்றீங்களா?”

“நான் சொல்லல சார். பதக்கத்து விளிம்பு சொல்லுது.”

“விளிம்புதானே? தச்சர் உள்ளதான் இருக்காரு. அரம் வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா வழவழன்னு ஆயிரும். அப்புறம் எது பேசுதுன்னு பாப்போம். கல்லுல இடமில்ல மேடம். ஓடிப்போனவன் வீடுன்னு ஊரே சொல்லுது, அந்தப் பேரைப் போட்டா மத்தவங்க பேருக்கெல்லாம் கேவலம். நீங்க எழுதற வேலையைப் பாருங்க. நாற்காலியை நேத்தே பேக் பண்ணிட்டாங்க.”

மேடத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் ஆயுசு முழுக்கப் பூசி மெழுகியவர் கோபத்தையும் மெழுகத் தெரிந்தவர். சிரித்தார்.

“ஐயையோ, அரம் எல்லாம் வேணாம் சார். பழசு பழசா இருந்தாத்தான் மதிப்பு. போட்டோக்காரர் வேற விளிம்பைப் படம் எடுத்து வெச்சிருக்காரு, மாறியிருந்தாத் தெரிஞ்சுபோகும். நீங்க கவலையே படாதீங்க. நான் எழுதற விதத்துல எழுதித் தர்றேன். உங்க தாத்தா பேரு எங்கேயோ போயிரும். விழா அன்னிக்கு ரெண்டு பதக்கத்தையும் வெல்வெட் பெட்டியில வெச்சு மேடைக்குக் கொண்டாந்துருங்க.”

முதலாளிக்கு நிம்மதி. மேடத்தின் சாமர்த்தியம் ஊரறிந்தது. அறிக்கை தயாரானதும் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“எத்தனை பக்கம்?”

“ஆறு.”

“தியாகம்னு வருதா?”

“ரெண்டு இடத்துல வருது சார். ‘ஈடு இணையற்ற’ மூணு இடத்துல.”

“அப்ப சரி” என்று உறையில் போட்டு மூடிவிட்டார். சோபாவின் துணியைக்கூடக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர், தாத்தாவைப் பற்றிய காகிதத்தைப் படித்துப் பார்க்கவில்லை. கல் வெட்டுகிறவருக்குப் போன பட்டியலில், மேடத்தின் கையெழுத்துக்கு மேலே ஒரு பேர் கூடியிருந்ததையும் அவர் கவனிக்கவில்லை. தாத்தாவின் பேர் முதலில், பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது.

விழாவுக்கு நல்ல கூட்டம். நாற்காலிகள் ஷோரூமுடையவை, முதுகுப் பக்கம் விலைச் சீட்டோடு. முன்வரிசை ஓரத்தில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மேடம் ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. முதலாளி மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, வாசிக்க ஆரம்பித்தார். கம்பளி வரிக்குக் கைதட்டல் வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. குரலை இன்னும் ஏற்றினார். அந்த வேகத்திலேயே ஐந்தாம் பக்கத்துக்குள் இறங்கிவிட்டார்.

“‘ஈடு இணையற்ற இந்த மாமனிதர் ஆற்றிய சேவைகளிலெல்லாம் தலையாயது, ஆற்றங்கரையில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்த தம் ஊர்த் தோழரின் வெள்ளிப் பதக்கத்தை, தமக்கென்று உரிமை கொண்டாடாமல், தம் உயிருள்ள வரை பத்திரமாகப் பாதுகாத்த தியாகமே ஆகும். அவர் விட்டுச் சென்ற அந்தக் கடமையை, அவருடைய பேரனாகிய நான் இன்று, இதே மேடையில், அந்த வீரரின் பேத்தியிடம்...’”

அங்கே நின்றார். மீதியைக் கண்ணால் படித்தார். ஒரு தடவை திருப்பி முதலிலிருந்து படித்தார். மைக் எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. கூட்டம் தட்டிய தட்டலில் பந்தல் அதிர்ந்தது. “என்னா பெருந்தன்மை!” என்று யாரோ கத்தினார்கள். முதலாளி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடமும் எல்லாரையும்போலக் கைதட்டிக்கொண்டிருந்தார். மறுத்தால் தாத்தா திருடன், கொடுத்தால் தாத்தா தியாகி. வியாபாரிக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை. வேர்த்து வழியப் பெட்டியைத் திறந்து, வெள்ளியை எடுத்து, மேடையேறிய தையல்காரம்மாவின் கையில் வைத்தார். போட்டோவுக்குச் சிரிக்கவும் சிரித்தார். திரையை விலக்கியதும் சுவரில் அந்தப் பேர் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, பூங்கா வாசலில் தையல்காரம்மா மேடத்திடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. நன்றி சொல்லப்போகிறாள் என்று மேடம் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். “பரவால்லம்மா, என் கடமை” என்ற பதில்கூட வாய்க்குள் வந்துவிட்டது.

“அவங்க தாத்தா இதைப் பத்திரமாப் பாதுகாத்தாராமா?”

“அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ரெண்டு தெரு மேடம்.”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியாதாம்மா? அப்படி எழுதினாத்தான் கையை விட்டு வரும். அந்த ஆளு அரம் எடுக்கப் பாத்தாரு.”

“அது புரியுது மேடம். நீங்க மெனக்கெடலன்னா இது வந்திருக்காது. அதை நான் மறக்கமாட்டேன்.” கையில் பதக்கத்தைத் திருப்பினாள். விளிம்பு பக்கம் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். “எடுத்து வெச்சுக்கிட்டவருக்கே உங்ககிட்ட ஆறு பக்கம் நல்ல வார்த்தை இருந்துச்சே. அன்னிக்கு எங்க தாத்தாவுக்கு மட்டும் ஒண்ணுகூட இல்லாமப் போச்சா?”

அவள் குத்திக் காட்டுகிற மாதிரிக் கேட்கவில்லை. துணி அளவு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மேடம் வாயைத் திறந்தார். கழுதை ஓட்டிக்கும் வயிற்றுப்போக்குக்காரருக்கும் வந்து விழுந்த வார்த்தைகள் தனக்கென்று தேடும்போது ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, அந்த வயசில் அவ்வளவு வெட்கம் வரும் என்று அவரே நினைத்ததில்லை.

தையல்காரம்மா ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து மேடத்தின் கையில் வைத்தாள். “அப்பாகிட்ட இதைக் காட்டல மேடம். நீங்களே வெச்சுக்குங்க.”

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் போக வேண்டிய பஸ் கிளம்பியது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். தையல்காரம்மா ஒரு கணம் தன் பழக்கப்படி நின்றாள். பிறகு பதக்கத்தை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பூங்காவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று கழன்றது. அதை விட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டில் நின்றவர்கள் கை நீட்டி அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

மேடம் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். இன்னொரு கையில் சீட்டு இருந்தது.